உச்சவரம்புக்கு மேலே ஒரு மனிதர்

சென்ற கிழமை திருவட்டாற்றுக்குப் போகும் வழியில் பேருந்து ஒரு தேநீர்க் கடையின் முன் நின்றது. கடைக்காரர் அடுப்பில் முந்திரிக்கொட்டைத் தோட்டை இட்டு எரித்துக்கொண்டிருந்தார். தொண்டையைக் கமறச்செய்யும் அந்தக் கரும்புகை உள்ளே நுழைந்ததும் பயணிகள் மூக்கைப் பொத்தினர். நான் மட்டும், நாணமின்றிச் சொல்கிறேன், நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். அருகிலிருந்த இளைஞர் என்னைச் சற்று ஐயத்தோடு பார்த்துவிட்டு இருக்கையில் தள்ளி அமர்ந்தார்.

அவருக்கு எப்படி விளக்குவேன்? என் முதுமையின் முற்பகுதி அந்தப் புகையில்தான் கழிந்தது. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றிருந்த எனக்கு, இரண்டாயிரத்து நான்கில் தம்பி திடீரென மறைந்ததால், அவன் நடத்திவந்த ஆலை வந்து சேர்ந்தது. 'முந்திரிப் பருப்பாலை' என்று எழுதிப் பெயர்ப்பலகை மாட்டினேன். முந்திரிக்கொட்டையை அண்டி என்னும் ஊரார் அதை 'அண்டியாபீஸ்' என்றே அழைத்தனர். பலகையை அண்ணாந்து பார்த்தவர் எவருமில்லை.

உடைப்புக் கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். தோட்டெண்ணெய் விரலைப் பொசுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டே கொட்டைகளை உடைப்பார்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு வளையல் வாங்கப் போகும்போதும் அந்தக் கருமை விரல்களை விட்டு அகலாது. உடைப்பதற்கு முன் கொட்டைகளை நீராவியில் அவிக்க வேண்டும். அதற்கான கொதிகலனை இயக்கியவர் தங்கையன். அரசுச் சான்று பெற்றவர். முந்திரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ஆலையைத் தங்கையன் பார்த்துக்கொள்வதென்றும், சட்டத்தை நான் பார்த்துக்கொள்வதென்றும் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.

கடினமான பங்கு என்னுடையது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் ஈட்டுறுதி, பணிக்கொடை என ஒவ்வொன்றுக்கும் தனி உறை வைத்து அரசாணைகளைச் சேர்த்தேன். ஓர் ஆணை வந்தால் முதலில் அதன் சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துவேன், ஆசிரியப் பழக்கம். திருத்தி முடிப்பதற்குள் அதை மாற்றி வேறோர் ஆணை வந்திருக்கும். ஒருமுறை போனஸ் கொடுத்து, பெண்கள் அதில் புடவையும் எடுத்து உடுத்திவிட்ட பிறகு, முன்தேதியிட்டு ஒரு திருத்தம் வந்து சேர்ந்தது. குழித்துறையிலிருந்து மாதந்தோறும் வரும் ஆலோசகர் சுகுமாரன் என் உறைகளைப் பார்த்துச் சிரிப்பார். "சாரே, நீங்க படிச்சு வச்சிருக்கது போன மாசச் சட்டமாக்கும்."

அப்படியிருக்க, ஆலை உரிமையாளர்களும் சங்கங்களும் தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் ஓர் ஊதிய ஒப்பந்தம் செய்துகொண்டோம். எல்லாருக்கும் ஊதியம் உயர்ந்தது. மறுநாள் காலையில் தங்கையன் என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"சாரே, எனக்கு மட்டும் சம்பளம் கூட்டண்டாம்."

கூடத்தில் இருந்தவர்கள் காதிலும் அது விழுந்துவிட்டது. "ஏட்டி, சம்பளம் வேண்டாங்குத ஆம்பிளய பாத்தியா? கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டணும்" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தங்கையன் சிரிக்கவில்லை. அவர் மனைவி ரோசம்மாளுக்கு இரு சிறுநீரகங்களும் பழுதாகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஈட்டுறுதி அட்டை இருந்ததால், குருதியைச் சுத்திகரிக்கும் மருத்துவம் செலவின்றி நடந்துவந்தது. அந்தத் திட்டத்துக்கோ ஊதிய உச்சவரம்பு ஒன்று உண்டு. புதிய ஊதியம் அவரை அதற்கு மேலே ஏற்றிவிடும். ஏறியவருக்குத் திட்டத்தில் இடமில்லை.

"அவளுக்க உயிரு அந்தக் கார்டிலயாக்கும் சாரே. கூட்டுத பைசாவ நீங்களே வச்சுக்கிடுங்க."

ஒப்பந்தத்துக்குக் குறைவாகக் கொடுப்பது குற்றம் என்றார் சுகுமாரன். சங்கத் தலைவி செல்வபாயை அழைத்து, தங்கையனையும் வைத்துக்கொண்டு பேசினேன். அவள் சாம்பல் கையோடு வந்து நின்றாள். "இன்னைக்கித் தங்கையண்ணனுக்குக் கொறச்சா, நாளைக்கி எவளுக்காவது ஒரு காரணம் சொல்லிக் கொறைப்பிய. அண்ணே, ஒமக்க சங்கடம் எனக்குத் தெரியாதா? ஆனா நாங்க எல்லாருமாச் சேந்து ஒப்பு போட்டதாக்கும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னதில் பிழை காண என்னால் இயலவில்லை. யார் சொன்னதிலும் பிழையில்லை. அதுதான் அன்றைய கொடுமை.

"அப்பம் என்னையத் தோடு சுமக்கப் போடுங்க" என்றார் தங்கையன். கூலி குறைந்த வேலை; அட்டை பறிபோகாது. செல்வபாய்கூட அதற்கு இசைந்தாள். ஆனால் சான்று பெறாதவர் கொதிகலனைத் தொடக்கூடாது என்பது மற்றொரு சட்டம். சான்று பெற்றவர்களைத் தேடி மாவட்டம் முழுதும் அலைந்தேன். எல்லாரும் வளைகுடாவில் இருந்தனர். ஒருவர் மட்டும் தொலைபேசியில் கிடைத்தார். "எத்தன திர்ஹம் தருவிய?" என்று கேட்டார்.

தேடல் வீணானதை நான் சொல்லி முடிப்பதற்குள் தங்கையன் எழுந்துவிட்டார். கூடத்தை ஒரு கணம் பார்த்தார். "தீய அணைச்சா இவளுவ எங்க போவாளுவ சாரே?" என்றவர், தானே கொதிகலனுக்குத் திரும்பிப் போனார்.

சட்டம் உடனே கதவை மூடுவதில்லை. முதலில் பங்களிப்பு நின்றது; சில மாதங்கள் கழித்து மருத்துவமும் நின்றது. ஏழைகளுக்கான காப்பீட்டில் கேட்டோம்; அங்கே அவர் வருமானம் மிகுதி என்றார்கள். அரசு மருத்துவமனையில் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு முறை வைத்துக் காத்திருந்தார்கள். என்னால் இயன்றதைக் கொடுத்தேன், போதவில்லை. மேலிடத்துக்கு விண்ணப்பங்கள் எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதிய மிகச் செம்மையான உரைநடை அவைதாம். 'பரிசீலனையில் உள்ளது' என்று மறுமொழி வந்தது. ரோசம்மாள் ஐப்பசி மழையில் இறந்துபோனாள்.

தை பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் சுகுமாரன் வண்டியை நிறுத்தும்போதே உரக்கச் சொன்னார். "சாரே, உச்சவரம்ப கூட்டியாச்சு! வெளிய போனவங்கள எல்லாம் திருப்பிச் சேக்கணும். கட்டாயமாக்கும்."

தங்கையனைக் கூப்பிட்டோம். அவர் துவாலையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எங்கே கையொப்பம் இட வேண்டுமென்று சுகுமாரன் தொட்டுக் காட்டினார். பிறகு பழக்கத்தில் சொன்னார்: "குடும்பத்தோட ஒரு போட்டோவும் வேணும்."

"நான் ஒத்தைக்கு நிண்ணா அது குடும்பப் போட்டோ ஆவுமா சாரே?"

தங்கையன் உண்மையாகவே அறிந்துகொள்ளத்தான் கேட்டார். சுகுமாரனுக்கு எல்லாச் சட்டமும் தெரியும். அன்று அவர் படிவத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். தங்கையன் குழித்துறைக்குப் போய், நீலத் திரையின் முன் தனியாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

அதன்பின் சில ஆண்டுகளில் ஆலையை மூடினோம். கொதிகலன் பழைய இரும்பாகப் போயிற்று. கூடம் இருந்த இடத்தில் இன்று திருமண மண்டபம் நிற்கிறது. செல்வபாய் மகளோடு கேரளத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நான் மனப்பாடம் செய்த சட்டங்களையும் கலைத்துப் புதிய தொகுப்புகளாக்கிவிட்டார்களாம். அந்தப் பிரிவு எண்கள் இப்போது எதையும் குறிப்பதில்லை. தங்கையனும் இல்லை. திரும்பச் சேர்த்த நாள்முதல் ஆலை மூடிய நாள்வரை மாதந்தோறும் அவர் ஊதியத்தில் பங்களிப்பு பிடித்துக் கட்டினேன். அவர் அட்டையில் ஒரு காய்ச்சலுக்குக்கூட மருந்து வாங்கவில்லை. ஆலையின் கடைசி நாள்வரை அந்த அட்டை குறைவின்றிச் செல்லுபடியாகவே இருந்தது.