காலியாக வந்த குட்டி யானை

ஸ்ரீரங்கத்திலிருந்து பூம்புகார் வரை நண்பர்கள் சிலர் இரண்டு நாள் சைக்கிளில் போனோம். போக மட்டும்தான் மிதிப்பது. கார்களை அம்மா மண்டபம் பக்கம் ஒரு காலி மனையில் நிறுத்தினோம். நாங்கள் திரும்ப ஒரு வேன். சைக்கிள்கள் திரும்ப ஒரு குட்டி யானை லோடு வண்டி, அது எங்கள் பின்னாலேயே வந்தது.

அதை ஓட்டியவர் வழக்கமாக வாழைத்தார் ஏற்றுபவர். நரைத்த மீசை, தலையில் பச்சைத் துண்டு. எங்கே நின்றாலும் பின்னால் போய், எங்கள் சைக்கிள்களுக்காக மெத்தைபோல் பரப்பியிருந்த வாழைச் சருகைத் தட்டிச் சரிசெய்வார்.

"பாதியிலேயே வண்டில ஏறிடுவே" என்று வீட்டில் சிரித்துத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். மயிலாடுதுறை தாண்டியதும் கடல்காற்று எதிரே அடித்தது. ஐம்பது வயது முழங்கால் போதும் என்றது. கை காட்டி அவரை நிறுத்தினேன்.

"அண்ணே, சைக்கிளை ஏத்திக்குங்க. முடியல."

"ஏத்தக் கூடாதும்மா. கடல்லேருந்து திருச்சிக்குத்தான் லோடு பேசியிருக்கு."

"வண்டி காலியாத்தானே வருது?"

"காலியாத்தான் வரும். நீங்க போங்க, பின்னாடியே வரேன்."

கோபத்தில் மிதித்தேன். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலி வண்டி என் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது. கடைசியில் முன்சக்கரம் மணலில் புதைந்தது. எதிரே கடல்! தொண்டை கிழியக் கத்தினேன். பின்னால் அவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

இறங்கி வந்து, "இப்பக் குடுங்கம்மா" என்று என் சைக்கிளைத்தான் முதலில் ஏற்றினார்.

திரும்பும்போது வேனில் ஒருவர் சொன்னார்: முதல் நாள் கும்பகோணத்தில் பஞ்சரானபோது தன்னைச் சைக்கிளோடு ஏற்றிக் கடை வரை கொண்டுபோய் விட்டது அந்த அண்ணன்தானாம்.

அப்படியானால் என் முகத்தில் மட்டும் அவர் என்ன கண்டார்?