நாலாம் நம்பர் ஜெர்ஸி

கீரப்பாளையத்தில் எங்கள் ஊர் புட்பால் டீமுக்கு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் நான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேச வராது. கோல் விழுந்தால்கூட மற்றவர்கள் கத்துவார்கள், நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன்.

என் மனைவியின் தம்பி அந்த டீமில் பதினோரு வருஷம் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிறவன். நாலாம் நம்பர்.

மழைக்காலத்தில் மேட்ச் கிடையாது. மழை ஓய்கிற நேரத்தில் புது சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். அதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. பழைய ஆட்டக்காரர்கள் போன வருஷ ஜெர்ஸியைத் துவைத்து மடித்து, மைதானத்தில் போட்ட மேஜைமேல் வைக்க வேண்டும். மேனேஜர் ஊரார் முன்னால் புது ஜெர்ஸியைக் கையில் கொடுப்பார். கொடுத்தால்தான் டீமில் இடம்.

அந்த வருஷம் பாண்டிச்சேரியிலிருந்து மூன்று பேரைக் கூட்டிவரப் போகிறார்கள் என்று டீக்கடையில் புகைந்துகொண்டிருந்தது. "மூணு பேரு வந்தா மூணு பேரு வெளிய போவணும்ல. எவன்டா அது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மச்சான் பேரை யாரும் சொல்லவில்லை. அவனும் சந்தேகப்படவில்லை. ஆள் எடுக்கிற அன்று ஜெர்ஸியை இஸ்திரி போட்டே கொண்டுவந்தான்.

மேனேஜர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். புது நாலாம் நம்பரை எடுத்துப் பாண்டிச்சேரிக்காரன் ஒருவனிடம் கொடுத்தார். மச்சானின் கை நீட்டியபடியே நின்றது.

"இந்த ஒரு வருஷம் ரெஸ்ட் எடுடா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"யோவ், பைனல்ல மூக்கு ஒடஞ்சி ரத்தத்தோட ஆடினான்யா அவன்! நீ நெழல்ல குந்திகினு ஜூஸ் குடிச்ச!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஆட்டம் தெரிஞ்சவன் மட்டும் பேசு," என்றார் மேனேஜர்.

ஒரு நாற்காலி பறந்து வந்து மேஜைமேல் விழுந்தது. ஜெர்ஸிகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பாண்டிச்சேரிக்காரர்கள் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். யாரோ காலரைப் பிடித்து இழுத்ததில் மேனேஜர் குப்புற விழுந்தார். எழும்போது வாயெல்லாம் ரத்தம்.

மேஜைக்கு அடியில் என் கார்னர் கொடி மூங்கில்கள் கட்டாகக் கிடந்தன. ஒன்றை உருவினேன். இத்தனை வருஷம் வாயில் வராதது எல்லாம் தோளுக்கு ஏறியிருந்தது. மேனேஜரின் தலையைப் பார்த்து இரண்டு கையாலும் ஓங்கினேன்.

கோலுக்குப் போகிற பந்தை மறிக்கிற மாதிரியே மச்சான் குறுக்கே பாய்ந்தான். அடி அவன் வலது முழங்கையில் இறங்கியது. அத்தனை கூச்சலிலும் எலும்பு முறிந்தது கேட்டது.

சிதம்பரத்துக்கு ஆட்டோவில் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "அந்தாளு செத்துருப்பான் மாமா. நீ ஜெயிலுக்குப் போயிருப்ப. அப்பறம் அக்கா என்னா பண்ணும்?"

இரண்டு ஆபரேஷன் செய்தும் அந்தக் கை முழுசாக நிமிரவில்லை. விழுந்தால் ஊன்ற முடியாது. பந்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிய முடியாது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மேனேஜரே எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி அவனை டீமுக்குக் கூப்பிட்டார். மச்சான் போகவில்லை.

"அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு. சொன்ன மாதிரி கூப்ட்டாரு பாரு மாமா. நீதான் முடிச்சி வுட்டுட்ட."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.