காலி வாளி வீரன்

இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருளாயி பால் வெட்டினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு படத்தை அவள் படித்ததுபோல, எழுத்துப் படித்த யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

1935ஆம் ஆண்டின் தொடக்கம். மலேரியாக் காய்ச்சல் கேகாலைப் பக்கத்து ஊர்களை வாரிக்கொண்டு போன காலம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் வீட்டுக்கு ஒருவராவது கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்தார். துரைக்குக் கீழே தோட்டத்து வேலையை நடத்தும் கண்டக்டர் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்துச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்றைத் தொங்கவிட்டார்.

படத்தில் ஒரு கட்டுடல் இளைஞன். வலது கையில் பால் வாளி, இடது கை இடுப்பில், நிமிர்ந்த நெஞ்சு, பல் தெரியும் சிரிப்பு. காமிராவைத் தரையோடு வைத்துப் பிடித்திருந்ததால் ஆள் மலைபோல் நின்றான். அது போதாதென்று படத்தை உயரத்தில் மாட்டியிருந்தார்கள். எவனும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். தோளில் எண்ணெய் மினுங்கியது, வியர்வை இல்லை. கெண்டைக்காலில் அட்டை கடித்த வடு ஒன்றுகூட இல்லை. அடியில் கொட்டை எழுத்தில், "உழைக்கிற உடம்பை நோய் அண்டாது."

காய்ச்சல் என்று வருகிறவனைக் கண்டக்டர் அந்தப் படத்தின் கீழே நிறுத்துவார்.

"அவனப் பாரு, ஒன்னப் பாரு. வெக்கமா இல்ல?"

எழுத்துத் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டுத் தலைகுனிந்து மலையேறினார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பிணமாகத்தான் இறக்கினார்கள். கொலையை ஒழுக்கப் பாடமாக்கிய சுவர் அது!

ஒரு காலையில் இருளாயியின் புருஷன் ஐயாவு அந்தப் படத்தின் கீழே நின்றான். குளிர்க்காய்ச்சலில் பற்கள் அடித்துக்கொண்டன. மூன்று நாளாக அவன் வேலைக்கு வரவில்லை. இன்றும் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள், லயத்து அறையும் போய்விடும். போனால் உயிரோடு இறங்க மாட்டான். அன்று துரையும் பெரட்டுக்கு வந்திருந்தார்.

"தொரைங்க, அந்தப் படத்து ஆளு பொய்யிங்க," என்றாள் இருளாயி.

"ஏய், வாய மூடு! படம் பொய் சொல்லுமா?" என்றார் கண்டக்டர்.

"வாளி காலிங்க. உள்ள பாலு இருந்தா வலது தோளு கீழ எறங்கும். எடது கை இப்பிடி இடுப்புல குந்தியிருக்குமா? வெளிய பறக்குமுல்ல? பதினாலு வருசமா தூக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"வந்துட்டாப்பா பெரிய டாக்டரு!"

"டாக்டரு இல்லீங்க, வாளிக்காரி. நீங்க நல்லா சாப்பிட்ட ஒடம்பு. நீங்களே தூக்கிக்கிட்டு அவன் மாதிரி நில்லுங்க. சிரிச்சுக்கிட்டே நிக்கணும், ஆமா!"

கூட்டம் கொல்லென்றது. துரைக்கும் வேடிக்கை பார்க்க ஆசை.

"சரி கண்டக்டர், நீ பிடி. பாப்போம்," என்றார்.

இருளாயி பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரை வாளியின் விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாள். கண்டக்டர் தூக்கினார். இடது கையை இடுப்பில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்திப் பல்லைக் காட்டினார். இரண்டு மூச்சு தாங்கியிருக்கும். வலது தோள் சரிந்தது. இடுப்பு வளைந்தது. இடது கை தானாகக் கிளம்பிச் சிறகுபோல் வெளியே விரிந்தது. தண்ணீர் தளும்பி அவருடைய சப்பாத்துக்குள் இறங்கியது.

"ஐயா, சிரிப்பு எங்கங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

களமே சிரித்தது. நடுங்கிக்கொண்டிருந்த ஐயாவுகூடச் சிரித்தான்.

துரைக்கு இரக்கம் பிறந்தது என்று நான் எழுத மாட்டேன். பார்த்துச் சிரிக்கிற படத்தைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது என்பது அவருக்குப் புரிந்தது, அவ்வளவுதான். படத்தைக் கழற்றச் சொன்னார். காய்ச்சலோடு வந்திருந்த ஒன்பது பேருக்கும் கொயினா மருந்து கொடுத்து லயத்துக்கு அனுப்பினார்கள். எவர் பேரும் வெட்டப்படவில்லை. அந்த ஒன்பது பேரும் பிழைத்தார்கள், ஐயாவு உட்பட.

கண்டக்டர் சும்மா இருப்பாரா? மறுநாளிலிருந்து இருளாயிக்கு, பால் நிறுக்கும் ஸ்டோருக்கு மிகத் தொலைவான, செங்குத்தான மலை. இந்தக் கதையைக் கேள்விப்பட்டு நான் அவளைத் தேடிப் போய்க் கண்டது அந்த மலையில்தான். நிறைந்த வாளியோடு இறங்கி வந்தாள். வலது தோள் தாழ்ந்து, இடது கை விரிந்து, முகமெல்லாம் வியர்வை. அந்தச் சுவரில் மாட்ட வேண்டிய படம் இதுதான் என்று தோன்றியது, அவளிடமே சொன்னேன்.

"மாட்டுங்க," என்றாள் அவள், நிற்காமல். "வாளியில மட்டும் பாலு இருக்கட்டும்."