பதினாறு மூடிகள்

"கால்! காலை எடுங்கன்னா!"

நடுத்தெருவில் கேமராவோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி குராமோச்சி யசுயே கத்துகிறார். திட்டு வாங்குபவர் அவருடைய கணவர் தெய்ஜி. வெயில் பட்டுக் கூசாமல் இருக்க ஒரு கறுப்புக் குடையை விரித்து சாக்கடை மூடியின் மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய ஷூவின் நுனி படத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டதாம். அரை அடி பின்வாங்குகிறார். அப்போதும் முகம் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது, ஏனென்றால் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு.

"வண்டி!"

யசுயே எழுந்து ஓரத்துக்கு வருகிறார். வேன் ஒன்று போகிறது. மறுபடி போய் உட்கார்கிறார். எழுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு மூடிக்கு ஏழெட்டு முறை எழுந்து உட்காருகிறவரை முழங்கால் வலி என்ன செய்யும், பாவம்.

அவருடைய துணிப்பையில் இருப்பவை: ஒரு தண்ணீர்ப் புட்டி, பழைய பல் துலக்கும் பிரஷ், பெயின்ட் பிரஷ், பள்ளங்களில் சிக்கிய கல்லையும் சிகரெட் துண்டையும் கிளறி எடுக்க ஒரு மூங்கில் குச்சி, துடைக்க இரண்டு துணி. மூடியைக் குளிப்பாட்டி, துவட்டி, அதன் பிறகுதான் படம். எடுத்து முடித்ததும் மிச்ச ஈரத்தையும் துடைத்துவிடுவார், வழுக்கி யாராவது விழுந்தால் பாவம் தனக்குத்தான் என்று.

எங்கள் உயேதா ஊரில் அவருக்கு ஒரு சலவைக் கடை இருக்கிறது. அடுத்த வீடு என்னுடையது, பத்தொன்பது வருடமாக. துணிக்கு அவர் எண் சீட்டு குத்துவது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். கறையைப் பார்த்தே யாருடைய கோட்டு என்று சொல்லிவிடுவார். "இது சோயா கறை. வலது கைல. இடது கைக்காரர் யாருமில்ல நம்ம தெருவுல, அதனால பல் டாக்டரோடது இல்ல" என்கிற ரீதியில் ஓடும் அவருடைய துப்பறிதல் எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் துணி ஒரு நாளும் மாறிப் போனதில்லை.

கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. சிறிய வெள்ளைக் காரில் யசுயே ஓட்டுகிற இடத்தில், தெய்ஜி பக்கத்தில். தெய்ஜி வாழ்நாளில் வண்டி ஓட்டிப் பழகியதில்லை. மடியில் சோற்று உருண்டைப் பெட்டியும் பார்லித் தேநீரும் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பாதி தூங்குவார். இங்கே ஒவ்வொரு ஊரும் சாக்கடை மூடியில் தன் அடையாளத்தை வண்ணச் சித்திரமாக வார்த்து வைத்திருக்கும். மாட்சுமோட்டோவின் நூல் பந்து மூடி, நாகானோவின் ஆப்பிள் மூடி, ஹகோதாதேயின் கணவாய் மீன் மூடி என்று பதினான்கு வருடத்தில் இரண்டாயிரம் படத்துக்கு மேல் சேர்த்தாகிவிட்டது. நகராட்சிகள் இலவசமாகக் கொடுக்கும், மூடியின் படம் அச்சிட்ட சீட்டு நேரில் போனால்தான் கிடைக்கும், தலைக்கு ஒன்றுதான். தெய்ஜியை இழுத்துக்கொண்டு போவதே அந்த இரண்டாவது சீட்டுக்காகத்தான் என்று யசுயே சொல்வார். தெய்ஜி மறுத்ததில்லை.

ஒசாகா போய் வந்தபோது கோட்டை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்க தம்பி பார்த்தோம்? எங்க வீட்டம்மாவுக்கு ஒசாகா கோட்டையே ரெண்டு அடி அகலம்தான்" என்றார் தெய்ஜி.

"கோட்டையை எல்லாரும்தான் எடுக்கறாங்க. அதை யாரும் மிதிக்கறதில்ல. இந்த மூடியைப் பார்த்துப் பார்த்து செஞ்சு, பெயின்ட் அடிச்சு, மிதிக்கக் குடுத்திருக்காங்க. ஒருத்தராவது குனிஞ்சு பார்க்க வேணாமா?" என்றார் யசுயே.

ஓர் ஊரில், கிழவி ஒருத்தி சாக்கடையைத் திறக்கப் பார்க்கிறாள் என்று யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டு காவலர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். யசுயே நிமிரக்கூட இல்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, நிழல் விழுது" என்றார். தள்ளி நின்றார்களாம்.

அவருக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. படத்துக்குள் ஓர் இலை வரக் கூடாது, ஷூ வரக் கூடாது, மனித வாடையே கூடாது. பழுது பார்த்தவர்கள் மூடியைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தால், "இருபது நிமிஷம் சாஞ்சிருக்கு" என்று கடிகாரக் கணக்கில் சொல்லி மனம் நோவார். சித்திரமில்லாத வெறும் மூடிகளை மொட்டை என்பார், தாண்டிப் போவார். ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவார். என்ன சித்திரம் என்று எழுத மாட்டார். "கண்ணு இருக்கில்ல? ஊர் பேரு போதும்."

இந்தக் கடைசிப் பழக்கம்தான் இந்த ஆண்டு அவரைக் கவிழ்க்கப் பார்த்தது.

எழுபத்தைந்து நிறைகிறவர்கள் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க ஞாபகத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு அழைக்கும் அஞ்சலட்டை வந்த வாரத்தில்தான், நகோயாவிலிருந்து மகன் கோஹெய் வந்திருந்தான். காரின் பின்கதவில் ஒரு கீறலைப் பார்த்துவிட்டான். "உரிமத்தைத் திருப்பிக் குடுத்துடும்மா. பஸ்ல சலுகை தர்றாங்க" என்று ஆரம்பித்தான்.

"பஸ்ஸு நான் சொல்ற மூடிகிட்ட நிக்குமா?"

இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள், சாட்சி நான். "ஒரே ஒரு தடவை எழுதறேன். தேறலைன்னா அன்னிக்கே சாவி உன்கிட்ட." தேறாதவர்கள் மறுபடி எழுதலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. யசுயே அந்தச் சலுகையைத் தானாகவே விட்டுக்கொடுத்தார். வீம்பு அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

தேர்வில் பதினாறு படங்கள் காட்டுவார்கள். நடுவில் ஒரு தாளில் சில எண்களைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லிக் கவனத்தைக் கலைத்துவிட்டு, பிறகு என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். தெய்ஜி கடை விளம்பரத் தாள்களில் இருந்து படங்களை வெட்டிப் பயிற்சி கொடுத்தார். முதல் நாள் யசுயேவுக்கு ஏழுதான் நினைவிருந்தது. இரண்டாம் நாள் ஆறு. நான் இஸ்திரி போட்ட சட்டையை வாங்கப் போனபோது கல்லாவுக்குப் பின்னால் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாயிரம் மூடி ஞாபகம் இருக்கு தம்பி. ஒரு வாணலி நிக்க மாட்டேங்குது. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. காரை அவரிடமிருந்து வாங்கிவிட்டால் அந்த வீட்டில் புதன்கிழமை என்று ஒன்று இருக்காது.

உள்ளேயிருந்து தெய்ஜியின் குரல் வந்தது. "வாணலியை மாட்சுமோட்டோ மூடி மேல வையேன்."

"என்னது?"

"பந்து இருக்கிற இடத்துல வாணலி. நாகானோல ஆப்பிளுக்குப் பதிலா முயல். நாம போன வழியிலேயே மனசுக்குள்ள வரிசையா வச்சுட்டுப் போ."

அன்று மாலை பதினாறுக்குப் பதினாறு. மறுநாளும் பதினாறு. யசுயே கடையில் பாட ஆரம்பித்துவிட்டார்.

தேர்வு அன்று நானும் ஓட்டுநர் பள்ளிக்குப் போனேன். தேறாவிட்டால் காரைத் திருப்பி ஓட்டிவர ஓர் ஆள் வேண்டும் அல்லவா? தெய்ஜி இதை என்னிடம் தனியாக, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். போகும்போது யசுயேதான் ஓட்டினார், அவ்வளவு நிதானமாக அவர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

தேர்வு முடிந்து வெளியே வந்தவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நேராக வந்து தெய்ஜியின் உள்ளங்கையில் சாவியை வைத்தார்.

"ஊர் பேரை எழுதிட்டேங்க."

"என்ன ஊர் பேரு?"

"பதினாறு வரியிலயும். மாட்சுமோட்டோ, நாகானோ, ஹகோதாதேன்னு. மனசுக்குள்ள ஒவ்வொரு ஊரா போனேன், மேல இருக்கிற பொருளைப் பார்த்தேன், எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. கை மட்டும் பழக்க தோஷத்துல ஆல்பத்துல எழுதற மாதிரியே எழுதிடுச்சு. ரெண்டாவது தாள்ல 'சமையல் பாத்திரம்', 'மிருகம்'னு துப்பு குடுத்துக் கேட்டிருந்தாங்க. அப்பதான் உறைச்சுது. பழைய தாளைத் திருப்பக் கூடாதுன்னுட்டாங்க."

தெய்ஜி சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அப்படிக் கனத்த சாவியை நான் சுமந்ததில்லை. மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சோற்று உருண்டைப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

"கோஹெய்க்கு நானே போன் பண்ணிக்கறேன். நீங்க யாரும் பண்ண வேணாம்" என்றார் யசுயே.

அரை மணி நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யசுயே போய் ஒரு தாளோடு வந்தார். கண்ணாடி பையில் எங்கோ அடியில் இருந்ததால் என்னிடம் நீட்டினார். 'மறதிநோய் இருக்கக்கூடும் என்று கருதத்தக்க வரையறைக்கு உட்படவில்லை' என்று அச்சாகியிருந்தது. அதிகாரிகள் நல்ல சேதியைக்கூட இப்படித்தான் சொல்வார்கள். சந்தேகத்துக்கு இரண்டு முறை படித்தேன்.

"தேறிட்டீங்கம்மா."

"விளையாடாதே தம்பி."

தேர்வு நடத்திய பெண்மணி பின்னாலேயே வந்துவிட்டார். "ரெண்டாவது தாள்ல பதினாறும் சரிம்மா. துப்பு குடுத்துச் சொன்னா பாதி மார்க்குதான், ஆனா தேதி, கிழமை, மணி எல்லாம் சரியா எழுதியிருந்தீங்க. தாராளமாப் போதும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதல் தாள்ல இருந்த பதினாறு ஊருக்கும் நீங்களேவா ஓட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டார்.

"ஹகோதாதேக்கு மட்டும் நடுவுல கப்பல்" என்றார் யசுயே.

சொல்லிவிட்டுச் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தெய்ஜி குடையை எடுத்து, கூரைக்குக் கீழேயே, அவருக்கு மேல் விரித்துப் பிடித்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் உடம்பே லேசானது. பெட்டியைத் திறந்து ஆளுக்கு இரண்டு உருண்டை, அங்கேயே நின்று தின்றோம். உள்ளே வைத்த ஊறுகாய் பிளம் அவ்வளவு புளிப்பாக இருந்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

பள்ளி வாசலில் ஒரு மூடி இருந்தது. சித்திரம் கிடையாது, வண்ணம் கிடையாது, கட்டம் கட்டமாக வெறும் இரும்பு. சாட்சாத் மொட்டை. யசுயே அதைத் தாண்டிக் காரை நோக்கி நாலடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து அதன் முன் உட்கார்ந்து பையைத் திறந்தார்.

தண்ணீர், பிரஷ், குச்சி, துணி, எல்லாம் முறைப்படி நடந்தது. தெய்ஜி குடையோடு தன் இடத்தில் நின்று, யாரும் சொல்லாமலே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திரும்பினார்.

யசுயே கேமராவைத் தூக்கினார், இறக்கினார். எட்டித் தெய்ஜியின் கணுக்காலைப் பிடித்து, அந்தப் பழுப்பு ஷூவை இழுத்து, ஈரம் துடைத்த இரும்பின் மேல் வைத்தார். நுனியில் ஒட்டியிருந்த மண்ணைப் பல் பிரஷால் இரண்டு தேய் தேய்த்தார்.

"அசையாதீங்க" என்று சொல்லி, படம் எடுத்தார்.