முந்நூற்று எண்பது கிலோமீட்டர், எதிர்காற்று

பொலிவியாவின் வரைபடத்தில் இரண்டு கைகள் அளவுகோலை நகர்த்திக்கொண்டிருந்தன. இடது கை திரினிதாத் விமான நிலையத்தின் மேல் ஊன்றியிருக்க, வலது கை பென்சிலை சாந்தா குரூஸ் வரை இழுத்தது. முந்நூற்று எண்பது கிலோமீட்டர். பதினாறு வருடமாக மாறாத எண். ஆனாலும் அளந்து பார்த்த பிறகே அந்தக் கைகள் பயணத் திட்டப் படிவத்தைத் தொடும்.

தால்சி நோசாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா ஓடுதளத்தில் எரிபொருள் பீப்பாய் உருட்டியவர். விமானிகள் எறிந்துவிட்டுப் போன பழைய வரைபடங்களை வைத்தே கணக்குப் பழகினாள். இன்று ஆறு இருக்கை விமானங்கள் விடும் ஒரு சின்ன நிறுவனத்தில் பயணத் திட்டம் எழுதுபவள் அவள்தான்.

அலுவலகச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. சாந்தா குரூஸுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். காற்றில்லாத ஏதோ ஒரு நாளில் யாரோ போட்டது. எல்லோரும் அதைப் பார்த்தே எழுதுவார்கள். தால்சியும் எழுதியிருக்கிறாள். பதினோரு வருடம் முன்பு அப்படி எழுதிக் கொடுத்த ஒரு விமானம், ஓடுதளத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் எரிபொருள் தீர்ந்து சதுப்பில் விழுந்தது. மூன்று பேர். அட்டவணைப்படி சரியாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று விசாரணையில் சொன்னார்கள்.

இன்று காலை தகரக் கூரை தடதடத்துக்கொண்டிருந்தது. சுராசோ. தெற்கிலிருந்து வரும் அந்தக் குளிர்காற்றுக்கு இங்கே நல்ல பெயர் கிடையாது. இரவு மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. அதுதான் ஆளை ஏமாற்றும்.

விமானி எர்வின் ரோக்கா உள்ளே வந்தார்.

"என்ன தால்சி அம்மா, இன்னும் கோடு போட்டு முடியலையா? வீடு கட்டப் போறீங்களா?"

"காத்து எதுக்கால அடிக்குது கேப்டன். ரெண்டு மணி இருவத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

"செவுத்துல ஒண்ணு நாப்பதுன்னு இருக்கே."

"செவுத்துக்கு என்ன, அது பறக்கவா போகுது? டாங்க்ல எவ்வளவு இருக்கு?"

"ரெண்டரை மணி நேரத்துக்கு. ஏராளம்."

"மிச்சம் அஞ்சே நிமிஷம். முக்கா மணி இருக்கணும். இன்னும் ஊத்துங்க."

"ஊத்துனா பாரம் ஏறிடும். அஞ்சு பேரு, எம்பது கிலோ உப்புக்கண்டம்."

"அப்ப உப்புக்கண்டத்த இறக்குங்க."

"மொதலாளி மச்சானோட சரக்கு. நீங்க போய் இறக்குங்க பாப்போம்." ரோக்கா சிரித்தார். "ஒண்ணு நாப்பதுன்னு போடுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஐந்து பயணிகளும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. அதற்கென்று தனி இருக்கை கிடையாது, கணக்கிலும் வராது.

தால்சி எழுதினாள். பயண நேரம்: இரண்டு மணி இருபத்தைந்து. எரிபொருள் தாங்கும் நேரம்: இரண்டு மணி முப்பது. கையெழுத்திட்டாள்.

ரோக்கா எட்டிப் பார்த்தார். "சரி, உங்க இஷ்டம். அங்க இருக்கறவர் படிக்கவா போறாரு? முத்திரைய குத்திக் குடுத்துடுவாரு." கையை நீட்டினார். படிவத்தை விமானியே கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். அங்கே முத்திரை விழாமல் விமானம் கிளம்பக்கூடாது.

"இன்னைக்கு நானே கொண்டுபோறேன்."

"ஏன், கோவமா? போங்க, போங்க. நான் என்ஜின சூடு பண்றேன்."

அவள் புல்வெளியைப் பாதி கடப்பதற்குள் பின்னால் என்ஜின் உறுமியது. திரும்பிப் பார்த்தாள். குழந்தைக்காரி படியில் கால் வைத்திருந்தாள். தால்சி ஓடினாள்.

கட்டுப்பாட்டு அலுவலக அதிகாரி முத்திரையை ஏற்கெனவே மையில் ஒற்றிவிட்டிருந்தார். தால்சி படிவத்தை மேசையில் வைத்து, இரண்டு எண்களுக்கும் கீழே விரல்களை ஊன்றினாள்.

"இத ரெண்டையும் படிச்சுட்டு குத்துங்க ஐயா."

அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அதைப் போட்டுக்கொண்டு அவர் குனிந்த பிறகுதான் அவள் விரல்களை எடுத்தாள்.