உடனே வந்த விடை

அந்த இயந்திரம் பெரிய தட்டச்சுப் பொறி மாதிரி இருக்கும். மேலே ஒரே ஒரு வரி, சிவப்பு எழுத்துகளில். கணக்கை வரி வரியாக அடித்து விசையை அழுத்தினால் அங்கேயே விடை வரும். தப்பென்றால் அந்த வரியை மட்டும் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். எழுபதுகளின் நடுவில், பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு மேலே நான் தட்டச்சராக இருந்த நீரளவை அலுவலகத்துக்கு அது வந்தபோது எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். உதவிப் பொறியாளர் மட்டும் எழுந்து வரவில்லை.

அதற்கு முன்பு எங்கள் கணக்குகள் துளையிட்ட அட்டைகளாக நகரத்திலிருந்த கம்ப்யூட்டருக்குப் போகும். ஒரு துளை மாறியிருந்தாலும் கட்டு அப்படியே திரும்பி வரும். முந்தைய மழைக்காலத்தில் அப்படித்தான் வந்தது. மேலே பெய்யும் மழைக்குக் கீழே ஆறு எவ்வளவு ஏறும் என்ற கணக்கு அது. திருத்தி அனுப்பி விடை வருவதற்குள் ஆற்றுத் தண்ணீர் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் புகுந்துவிட்டது. கல்யாணமாகிச் சித்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த உதவிப் பொறியாளரின் மனைவியைப் பாறை இடுக்கிலிருந்து எடுத்தார்கள். அவர் அழவில்லை. காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர், "டீ சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

இயந்திரம் வந்து சில நாள் கழித்து, அவராகவே அதன் முன் உட்கார்ந்து அந்தப் பழைய கணக்கை அடித்தார். போன வருட மழையைக் கொடுத்து ஓட்டினார். விடை வந்தது. மறுபடி ஓட்டினார். அதே விடை.

"உடனே வருதுங்க" என்றார், என்னைப் பார்க்காமல். குரலில் ஒன்றுமே இல்லை.

ஆடியில் ஒரு மத்தியானம் மலை மேலிருந்து மழையளவு போனில் வந்தது. அந்த ஒரு வரியை மாற்றி ஓட்டினார். ஆற்றோரத் தேயிலைத் தொழிலாளர் லய வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும் என்றது. மழையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டார். அப்போதும் ஏறும் என்றது. ஜீப்பை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். வீடு வீடாகப் போய், "ஏனுங்க, கொழந்தைகளத் தூக்கிட்டு வாங்க" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனார். எல்லோரையும் மேட்டிலிருந்த சர்ச்சில் கொண்டுவந்து சேர்த்தோம்.

காலையில் மழை விட்டிருந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு வந்த கொழுந்து பறிக்கும் அம்மா ஒருத்தி நேராக அவரிடம் வந்தாள்.

"வாசப்படிகூட நனையல சார். எங்கள எதுக்கு ராத்திரி மழையில இழுத்துட்டு வந்தீங்க?"

"நனையலீங்களா?"

"அதான் சொல்லுதேன்ல. விரிச்ச பாய் விரிச்சபடி கெடக்கு."

"பாய் அப்படியே கெடக்குதுங்களா?" என்று திரும்பக் கேட்டவர், சர்ச் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அந்த அம்மா பயந்துபோனாள். "ஏசிட்டேன்னு அழுவாதீங்க சார்" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன வருடம் அவர் மனைவியை ஆறு கொண்டுபோனது அவளுக்குத் தெரியாது.