எரித்த புல்

புல் வளர்ப்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள் என்று அந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேரும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன் என்று இப்போது வீராப்பாகச் சொல்லலாம். பொய். போயிருப்பேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு நிலைமை அப்படி.

அடி அண்ணாமலையைத் தாண்டி, மலை சுற்றும் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மெட்ராஸ் வக்கீல் ஒருவர் எட்டு ஏக்கர் வாங்கிப் பங்களா கட்டியிருந்தார். மாமரங்கள், தென்னங்கன்றுகள், சுற்றிலும் முள்கம்பி வேலி, அதை மறைக்கக் காகிதப்பூ. நடக்கிற வழியின் இரு பக்கமும் கல் நட்டு அதற்குச் சுண்ணாம்பு வேறு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மனைவியோடு காரில் வருவார். கிரிவலம் போவார். மறுநாள் காலையில் வீட்டு முன்னால் இருக்கிற லானில் நாற்காலி போட்டு, மலையைப் பார்த்தபடி காபி குடிப்பார். அந்த ஒரு டம்ளர் காபிக்காக மாதம் முழுக்க நான் குனிந்து நிமிர வேண்டும்.

எங்கள் நிலம் அவர் வேலியை ஒட்டியே இருந்தது. ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கட்டாந்தரை. அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. இரண்டாம் ஈற்று, காலையில் வீட்டுக்கு எடுத்ததுபோக மீதிப் பாலைத் தெருவில் ஊற்றுவேன். நிலம் கைவிட்ட வருஷங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அந்த மாடுதான். அதைச் சாமி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முட்டும், உதைக்கும், கறக்கும்போது வாலால் முகத்தில் அடிக்கும். ஆனால் அது எங்கள் மாடு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். லான் அப்போதுதான் வைத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் பார்க்கும்போது தரையில் அங்கங்கே பசுமை தலை காட்டிக்கொண்டிருந்தது. வக்கீலய்யா வராந்தாவில் நின்று கைத்தடியை நீட்டி, "இந்த இடத்துல ஒரு களை இருக்கக் கூடாது. நாலு ஆளுங்கள வெச்சு சுத்தமா எடுத்துடு" என்றார். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் எங்கள் தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் அருகம்புல். கடலைக்காட்டுக்காரர்களுக்கு அருகைவிடப் பெரிய எதிரி கிடையாது. கல்யாணத்தில் 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துவார்கள். அந்த வேரோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்த வாழ்த்தின் பொருள் தெரியும். களைக்கொத்தால் தோண்டித் தோண்டி வேர் வேராக எடுத்தோம். நடுவில் முளைத்திருந்த பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் மட்டும் விட்டுவைத்தோம். கீரையை யாராவது களை என்பார்களா? இரண்டு நாளில் அந்த இடம் விதைப்புக்கு உழுதுவைத்த நிலம் மாதிரி ஆகிவிட்டது. பிடுங்கிய அருகை மண் உதறி ஆளுக்கொரு கட்டாக மாட்டுக்குக் கொண்டுபோனோம். களை எடுத்தவளுக்குக் களை சொந்தம். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு வந்தவர் காரைவிட்டு இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டார். பெங்களூரிலிருந்து லாரியில் வரவழைத்து நட்டதே அந்த அருகம்புல்தானாம். களை என்று அவர் சொன்னது அந்தக் கீரையை.

இது எனக்கு எப்படித் தெரியும்? சொன்னாரா? நானும் ஒன்பதாவது வரை படித்தவள்தான், எந்தப் பாடத்திலும் அருகு பயிர் என்று போட்டிருக்கவில்லை. இந்தச் சமாசாரத்தில் என் மேல் தப்பு என்று அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. திருட்டு என்றார்.

"மாட்டுக்குப் புல்லு வேணும்னு வேணும்னே பிடுங்கியிருக்கீங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்துச் சொன்னார். "இனிமே இந்தக் காம்பவுண்டுல இருந்து ஒரு புல்லு வெளிய போகக் கூடாது. வெட்டினதெல்லாம் எரிச்சுடணும். எரிச்சுட்டா யாருக்கும் ஆசை வராது."

வேலையை அன்றைக்கே விட்டெறிந்திருக்க வேண்டும். வீட்டில் அரிசிப்பானை என் காலைக் கட்டிப்போட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த லானுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அருகைப் பிடுங்கி ஒழித்தவன் உலகத்தில் எவனும் இல்லை. மண்ணுக்குள் அறுந்து கிடந்த துண்டெல்லாம் மோட்டார் தண்ணீர் பட்டதும் துளிர்த்து, ஒரே மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகப் படர்ந்துவிட்டது. அவருக்குப் பத்துக் காசு நட்டமில்லை. ஆனாலும் உத்தரவு உத்தரவாகவே நின்றது. புல் மறந்துவிட்டது, அவர் மறக்கவில்லை.

நல்ல வருஷங்களில் எனக்கு அது வெறும் ரோஷமாக மட்டும் இருந்தது. ஊரெல்லாம் மேய்ச்சல் இருக்கும்போது அவர் புல் யாருக்கு வேண்டும்? எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. எங்கள் கடலை முளைத்த இடத்திலேயே கருகிப்போனது. ஏரியில் மாடுகள் மண்ணை முகர்ந்துகொண்டு நின்றன. இருந்த கடலைக்கொடி தீர்ந்தது, வேப்பந்தழை ஒடித்துப் போட்டோம், கடைசியில் மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்த பழைய வைக்கோலையும் உருவிப் போட்டோம். புகையும் தூசியுமாகக் கறுத்துப்போன வைக்கோல். அதையும் தின்றது.

வேலிக்கு இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டு, காலையும் சாயங்காலமும் லானுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். நானேதான், என் கையாலேயே டியூப்பைப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் குடித்த அருகு வாரத்துக்கு வாரம் கணுக்காலைத் தொட்டது. அறுத்து, பரப்பி, காயவைத்து, சனிக்கிழமை கொளுத்த வேண்டும். பச்சைப்புல் எரியாது. காய்ந்த புல் எரியும். ஆனால் காய்ந்த அருகு என்பது முதல் தரமான தீவனம். அதைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்தால் எப்படி இருக்கும் என்று மாடு வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வைக்கோற்போர் நாயாவது தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது, அவ்வளவுதான். போருக்கே தீ வைக்கிற நாயை நான் அங்கேதான் பார்த்தேன்.

புல் அறுக்கிற வாசனை வேலியைத் தாண்டிப் போகும். எங்கள் செவலை அங்கே கட்டுத்தறியில் நின்று கத்தும். கருக்கரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கத்தலைக் கேட்டபடி அறுப்பேன். என் வயிறு எரிந்த மாதிரி அந்தப் புல்கூட எரிந்திருக்காது.

ஒருநாள் வாட்ச்மேனிடம் கேட்டேன். "ண்ணா, ஒரே ஒரு கட்டு. எரிச்சா சாம்பல்தானே. மாடு துன்னா பாலாவது வரும்."

"நான் இன்னா பண்றதும்மா" என்றார். "எண்ணிப் பாக்க ஆளு வெச்சிருக்காரோ இன்னாவோ. எம் பொழப்புல மண்ணப் போட்றாத." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் வீட்டில் ஒரு பானை இருந்தது.

பால் பாதியாகி, அதிலும் பாதியாகி, நின்றேவிட்டது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. "வித்துடலாமா?" என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றேன். அந்தப் பௌர்ணமிக்குச் சாயங்காலமே மாட்டை ஓட்டிக்கொண்டு கிரிவலப் பாதைக்குப் போனேன். அங்கே கோயில் பக்கத்தில் சிலர் மாட்டைக் கட்டிவைத்திருப்பார்கள். கிரிவலம் வருகிறவர்கள் கூடைக்காரியிடம் அகத்திக்கீரைக் கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் நான் என் மாட்டைப் பிச்சைக்குக் கட்டியிருக்கிறேன் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

வெளிச்சம் மங்குவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். வக்கீலய்யாவும் அம்மாவும், வெறுங்காலோடு, நெற்றி நிறையத் திருநீறு. அந்த அம்மா இரண்டு கட்டுக் கீரை வாங்கி நேராக என் மாட்டிடம்தான் வந்தார். ஊட்டிவிட்டார். பின்பக்கம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அய்யா மாட்டைச் சுற்றிவந்து கும்பிட்டார்.

"அடப்பாவமே, எப்படி எளைச்சிருக்கு பாரு" என்றார் மனைவியிடம். "இதுங்களுக்கு யாரு தீனி போடறா."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். எனக்கு அதற்குமேல் வாய் அடங்கவில்லை. முந்தானையை எடுத்தேன். அப்போதும் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நாலு வருஷமாக அவர் புல்லை வளர்க்கிறவள்.

"நம்ம தோட்டத்துல வேலை செய்யறவதாங்க" என்றேன். "இது எங்க மாடு. வெட்டற புல்லை எரிக்காம இதுக்குப் போட்டிருந்தா எளைச்சிருக்காதுங்க."

அவர் முகம் சிறுத்தது. "மலை சுத்தற எடத்துல வேலை விஷயம் பேசக் கூடாதும்மா. அப்புறம் பாக்கலாம்" என்று நடந்துவிட்டார். அந்த அம்மா மட்டும் ஒரு நிமிஷம் நின்று, இரக்கமாகத்தான், "மாசாமாசம் இங்கயே கட்டும்மா. நாங்க தவறாம குடுக்கறோம்" என்றார்.

மாதத்துக்கு ஒருநாள் சாப்பிடுகிற மாடு எந்த ஊரில் இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். 'அப்புறம்' வருமென்று இரண்டு சனிக்கிழமை பார்த்தேன். வரவில்லை. இரண்டு முறையும் நானே புல்லைக் கொளுத்தினேன். மூன்றாவது வாரம், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கிணற்றில் தண்ணீர் இருக்கிற ஒருவருக்கு மாட்டைக் கொடுத்துவிட்டோம். என் வீட்டுக்காரர்தான் ஓட்டிக்கொண்டு போனார். பங்களா வேலியோரமாகப் போகும்போது அது நின்று லான் பக்கம் திரும்பிக் கத்தியதாம். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று அவர்மேலும் எரிந்து விழுந்தேன். நான் அழவில்லை. ஆத்திரம் வந்தால் எனக்கு அழுகை வராது.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு வருஷத்து மழையும் சேர்ந்து கொட்டியது. ஏரி நிரம்பியது, வரப்பு, சாலையோரம், கோயில் மதிலடி என்று கால் வைக்கிற இடமெல்லாம் புல். கட்டுக்கட்டாக அறுத்தாலும் வாங்க ஆளில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை அவர்கள் லானில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரத்தில் அறுத்துக்கொண்டிருந்தேன். காபி குடித்து முடித்தவர் என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"நீ அன்னிக்குச் சொன்னியே, யோசிச்சுப் பாத்தேன். இனிமே எரிக்க வேணாம். வெட்டற புல்லை நீயே எடுத்துக்கோ. உன் மாட்டுக்கு ஆகும்."

"மாட்டை வித்துட்டங்க" என்றேன்.

அந்த அம்மாதான் பதறினார். "ஐயோ, அதனாலதான் போன மாசமும் நேத்தும் அங்க காணோமா? தேடினோமே. இனிமே பௌர்ணமிக்கு நாங்க யாருக்குக் கீரை குடுக்கறது?"

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். திரும்பிவந்து, அறுத்த புல்லைக் கூடையில் அள்ளி, கொளுத்துகிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

"எடுத்துட்டுப் போன்னு சொன்னேனேம்மா" என்றார் அய்யா.

"எங்களுக்கு இது களைங்க" என்றேன்.